முதல் பத்துக் கிலோமீட்டரை நம்பாதீங்க

நான் சிவில் மூணாவது வருஷம். கீழே இருக்கிறது என்னோட முதல் அரை மாரத்தான் ரீடிங். லேப் ரெக்கார்டுல நாம பண்ற மாதிரி எதையும் திருத்தி அழகுபடுத்தலை.

0–5 கி.மீ.: 28:30 (கிலோமீட்டருக்கு 5:42)
5–10 கி.மீ.: 29:40 (5:56)
10–15 கி.மீ.: 33:40 (6:44)
15–20 கி.மீ.: 41:20 (8:16)
கடைசி 1.1 கி.மீ.: 9:30 (8:38)
மொத்தம்: 2:22:40. நான் போட்டிருந்த இலக்கு: 2:15.

ஓடுறவங்க ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் ஆகுதுங்கிறதைத்தான் 'பேஸ்'னு சொல்வாங்க. நம்பர் குறைஞ்சா வேகம் கூடுதுன்னு அர்த்தம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல இருக்கிற பட்டியலை மறுபடி ஒரு தடவை பாருங்க. ஒரு மனுஷன் மெல்ல மெல்ல உடைஞ்சு போறது அதுலயே தெரியும்.

முதல் பத்து கிலோமீட்டர் எனக்குச் சொர்க்கம். ஆளை ஆளாத் தாண்டிப் போனேன். 13-ல தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆச்சு. 18-ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்து ரோட்டோரம் உட்கார்ந்துட்டேன். தண்ணி குடுத்துட்டு இருந்த ஒருத்தர் முகத்துல தண்ணி அடிச்சுவிட்டாரு. எப்படியோ நடந்து முடிச்சு, மெடல் வாங்கின கையோட மெடிக்கல் டென்ட்ல முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தேன். யாரோ என் போன்ல இருந்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்ச எங்க அப்பா, வீட்டுக்குக்கூடப் போகாம, உடுமலையில இருந்து பஸ் ஏறி என்னைக் கூட்டிட்டுப் போக வந்தாரு. சட்டையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. திட்டலை, ஒண்ணுமே பேசலை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

இந்தக் கட்டுரை அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது. நம்ம பசங்க நிறைய பேர் இப்ப கோயம்புத்தூர் மாரத்தானுக்கும் சென்னை மாரத்தானுக்கும் பேர் குடுக்கிறீங்க. எந்த ஷூ வாங்கணும்னு கேக்கிறீங்க. பேஸ் பத்தி யாரும் கேக்கலை. அதனால நானே சொல்லிடறேன்.

கந்துவட்டிக் கணக்கு

2:15-ல முடிக்க கிலோமீட்டருக்கு 6:24 போதும். அந்தக் கணக்குப்படி முதல் 10 கிலோமீட்டருக்கு 64 நிமிஷம். நான் 58:10-ல ஓடிட்டேன். அதாவது 5 நிமிஷம் 50 விநாடி மிச்சம் புடிச்சேன். "முன்னாடியே நேரத்தைச் சேர்த்து வச்சுக்கலாம், பின்னாடி களைச்சா உதவும்"ங்கிறதுதான் என் திட்டமே.

மீதி 11.1 கிலோமீட்டருக்கு 71 நிமிஷம் ஆகியிருக்கணும். ஆனது 84 நிமிஷம் 30 விநாடி. 5:50 மிச்சம் புடிச்சதுக்கு 13:28 திருப்பிக் கட்டினேன். கந்துவட்டிக்காரன்கூட இந்த ரேட் கேக்க மாட்டான்.

புதுசா ஓடுற எல்லாருமே இதே தப்பைப் பண்றோம். காரணம் இருக்கு. ரேஸுக்கு முந்தின வாரம் ஓய்வு, அதனால கால் லேசா இருக்கும். காலையில குளிர்ச்சி. சுத்தி ஆயிரம் பேர், மேளம், மைக். இதெல்லாம் சேர்ந்து, 5:42 ஓடும்போது 6:30 மாதிரி சுலபமா தோணும். முதல் பத்து கிலோமீட்டர்ல உடம்பு சொல்றது முழுப் பொய்.

ஹைட்ராலிக்ஸ்ல கிடைச்ச விடை

கால்வாய் டிசைன் படிச்சவங்களுக்கு ஆர். ஜி. கென்னடியைத் தெரியும். பஞ்சாபோட அப்பர் பாரி தோஆப் கால்வாயை வருஷக்கணக்கா கவனிச்சு 1895-ல அவர் சொன்னது இது: கால்வாய்ல தண்ணி ரொம்ப வேகமா ஓடினா அடிமண்ணை அரிச்சுட்டுப் போகும், ரொம்ப மெதுவா ஓடினா வண்டல் படிஞ்சு மேடாயிடும். ரெண்டும் நடக்காத வேகம் ஒண்ணு இருக்கு. அதுதான் கிரிட்டிக்கல் வெலாசிட்டி. 0.55 பெருக்கல் ஆழத்தோட 0.64 அடுக்குன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்.

நம்ம ஊர்ல இதுக்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதே இல்ல. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துல சர்க்கார்பதியில இருந்து திருமூர்த்தி அணை வரைக்கும் மலையோரமா காண்டூர் கால்வாய் வருது. நீளம் சுமார் 49 கிலோமீட்டர். சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு. மேல சடார்னு இறக்கிவிட்டிருந்தா கால்வாய் உடைஞ்சிருக்கும், கீழ அணைக்கு வேண்டிய உயரமும் மிஞ்சியிருக்காது. இருக்கிற உயரத்தைக் கடைசி மீட்டர் வரைக்கும் பங்கு போட்டுச் செலவு பண்ணியிருக்காங்க.

ஓட்டத்துலயும் இதே பேர்ல ஒரு கணக்கு இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 'கிரிட்டிக்கல் ஸ்பீடு'. அதுக்குக் கீழ ஓடினா உடம்பு ஒரு நிலைக்கு வந்து சமாளிக்கும். அதுக்கு மேல போனா ஒரு சின்ன டேங்க்ல இருந்து செலவாகும். டேங்க் காலியானா நீங்க நின்னே ஆகணும்.

உங்க நம்பரைக் கண்டுபிடிங்க

இதுக்கு லேப் வேண்டாம். 400 மீட்டர் கிரவுண்டும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும். ஒரு நாள் நல்லா வார்ம்-அப் பண்ணி 1200 மீட்டர், அதாவது 3 சுத்து, முழு மூச்சா ஓடுங்க. ரெண்டு நாள் விட்டு 3000 மீட்டர், ஏழரை சுத்து. நான் எடுத்த ரீடிங்:

1200 மீ.: 5:40 (340 விநாடி)
3000 மீ.: 15:52 (952 விநாடி)

தூர வித்தியாசம் 1800 மீட்டர். நேர வித்தியாசம் 612 விநாடி. வகுத்தா விநாடிக்கு 2.94 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 5:40. இதுதான் என் கிரிட்டிக்கல் ஸ்பீடு. இந்த வேகத்துல 340 விநாடிக்கு 1000 மீட்டர்தான் போக முடியும். ஆனா நான் 1200 ஓடியிருக்கேன். கூடுதலா வந்த 200 மீட்டர்தான் டேங்க்.

இப்ப 5:20-ல ஓடினா என்ன ஆகும்? விநாடிக்கு 3.125 மீட்டர். எல்லையைவிட 0.184 அதிகம். 200-ஐ 0.184-ஆல வகுத்தா 1087 விநாடி. சுமார் 18 நிமிஷத்துல டேங்க் காலி.

இந்த விடை வந்ததும் என் ரேஸ் ரீடிங்கை எடுத்துப் பார்த்தேன். முதல் 5 கிலோமீட்டர் 5:42. எல்லைக் கோட்டு மேலயே நின்னு ஓடியிருக்கேன்! அந்த வேகத்துல நல்ல பயிற்சி இருக்கிறவங்களே ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு. எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேலை இருந்துச்சு. 13-ல கால் கல்லானதுல அதிசயமே இல்ல.

ஒரு விஷயம் கவனம். எல்லைக்குக் கீழ ஓடினா எவ்வளவு நேரம் வேணா ஓடலாம்னு அர்த்தம் இல்ல. அங்கே வேற ரெண்டு எதிரி காத்துட்டு இருக்கு: எரிபொருளும் சூடும்.

உடம்பு ஒரு இஸ்திரிப் பெட்டி

தோராயக் கணக்கு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ கலோரி. 60 கிலோ ஆள் 21.1 கிலோமீட்டர் ஓடினா சுமார் 1270 கிலோ கலோரி. தசையிலயும் ஈரல்லயும் கிளைகோஜனா சேர்ந்திருக்கிற மாவுச்சத்து பொதுவா 1600-ல இருந்து 2000 வரைக்கும் தரும். அரை மாரத்தானுக்குக் கணக்குல சரியா வருது. முழு மாரத்தானுக்கு 2500 வேணும், அதனாலதான் 30 கிலோமீட்டர் பக்கம் 'சுவர்ல முட்டினேன்'னு சொல்றாங்க. ஆனா வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பைக் குறைச்சு கிளைகோஜனை அதிகமா எரிக்கும். முதல் பாதியில அவசரப்பட்டா 21-க்குள்ளேயே திண்டாட்டம் வரலாம்.

அடுத்தது சூடு. நம்ம ஊருக்கு இதுதான் பெரிய எதிரி. மணிக்கு பத்தரை கிலோமீட்டர் வேகத்துல 60 கிலோ ஆள் எரிக்கிறது 630 கிலோ கலோரி. வாட்ல மாத்தினா சுமார் 730. அதுல முக்கால் பங்குக்கு மேல சூடாத்தான் வெளிய வரும், ஏறக்குறைய 560 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை வயித்துல கட்டிட்டு ஓடுற மாதிரி. மணிக்கு 8 கிலோமீட்டர்னா அது சுமார் 430 வாட்.

இந்தச் சூட்டை இறக்குறது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும். முழுசா ஆவியானாத்தான். காத்துல ஈரப்பதம் அதிகமா இருக்கிற காலையில வியர்வை ஆவியாகாம சொட்டும். சொட்டுற வியர்வை குளிர வைக்காது. அப்ப ரத்தத்துல ஒரு பங்கு தோலுக்குப் போயிடும், தசைக்குக் குறையும், இதயம் வேகமா அடிக்கும். அதே பேஸ்ல ஓடினாலும் ஒரு மணி நேரம் கழிச்சு துடிப்பு 10, 15 கூடியிருக்கும். வெயில் நாள்ல கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி மெதுவா ஓடினா அது தோல்வி இல்ல, சரியான கணக்கு.

ஓடும்போது உளறல், தலைசுத்தல், குளிர் எடுக்கிறது, நெஞ்சுல வலி, இதுல எது வந்தாலும் உடனே நின்னுடுங்க. கூட ஓடுற பையன் குழறிப் பேசினா அவனை நிறுத்தி, நிழல்ல வச்சு, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் மச்சி, விடாத'ன்னு உசுப்பேத்தாதீங்க.

லாங் ரன் எவ்வளவு மெதுவா?

லாங் ரன்னுங்கிறது வாரம் ஒரு தடவை, வழக்கமா ஞாயிறு காலை ஓடுற நீளமான ஓட்டம். இதுல நம்ம பசங்க பண்ற தப்பு, ஒவ்வொரு ஞாயிறையும் ரேஸா மாத்துறது. ஸ்ட்ராவாவுல போட்டா நல்லா இருக்கணுமே!

விதி ரொம்ப எளிசு. ரேஸ் பேஸைவிட கிலோமீட்டருக்கு 60-ல இருந்து 90 விநாடி மெதுவா. எனக்கு ரேஸ் 6:20-ன்னா லாங் ரன் 7:20-க்கும் 7:50-க்கும் நடுவுல. வாட்ச் இல்லாதவங்களுக்கு வாய்தான் மீட்டர்: கூட ஓடுறவன்கிட்ட மெஸ் சாப்பாட்டைப் பத்தி ஒரு நிமிஷம் மூச்சு வாங்காம குறை சொல்ல முடியணும். மூணு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி.

மெதுவா ஓடினா எப்படி வேகம் வரும்? நானும் இதைத்தான் கேட்டேன். நீண்ட நேரம் நிதானமா ஓடும்போது தசைக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுது, ஆக்சிஜனை வச்சு எரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருகுது, கொழுப்பை எரிக்க உடம்பு பழகுது, நரம்பும் எலும்பும் மெல்ல உறுதியாகுது. திங்கக்கிழமை கிளாஸுக்குப் படி ஏறவும் முடியுது.

நியூசிலாந்து பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை உலகத்துக்கே காட்டினாரு. 800 மீட்டர் ஓடுற பீட்டர் ஸ்னெல்லைக்கூட வைடாருவா மலைச் சுத்துல சுமார் 35 கிலோமீட்டர் லாங் ரன் ஓட விட்டாரு. ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியற ரேஸுக்கு 35 கிலோமீட்டரான்னு சிரிக்கத் தோணும். 1960 ரோம் ஒலிம்பிக்ல ஸ்னெல் 800 மீட்டர்லயும், அதே நாள்ல லிடியார்டோட இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டர்லயும் தங்கம் வாங்கினாங்க.

நம்ம ஊர் ரோடு, நம்ம ஊர் காத்து

இன்டர்நெட்ல கிடைக்கிற பயிற்சித் திட்டம் எல்லாம் குளிர் நாட்டுக்கு எழுதினது. உடுமலைக்கு மூணு விஷயம் மாத்தணும்.

முதல்ல காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக் காத்து நேரா நம்ம மேலதான் வருது. சுத்தி இத்தனை காத்தாடி நிக்கிறது சும்மாவா? ஆடியில அம்மியே பறக்கும்னா நாம எம்மாத்திரம். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல கூடும். மணிக்கு 9 கிலோமீட்டர்ல ஓடும்போது எதிர்ல 18 கிலோமீட்டர் காத்து அடிச்சா, உடம்பு சந்திக்கிற காத்து 27. காத்தே இல்லாத நாளைவிட எதிர்ப்பு 9 மடங்கு. திரும்பி வரும்போது காத்து முதுகைத் தள்ளும், ஆனா போகும்போது இழந்ததை முழுசா திருப்பித் தராது. அதனால ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் முதல் பாதியை மேற்கே, பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் வச்சுக்கோங்க. களைச்ச பிறகு காத்து நம்ம பக்கம் இருக்கும். போகும்போது பேஸைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க.

ரெண்டாவது ஏத்தம். தளி ரோட்டுல திருமூர்த்தி மலையைப் பார்த்துப் போனா ரோடு மெல்ல ஏறிட்டே போகும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். போகும்போது 7:50, வரும்போது 7:20-ன்னா நீங்க ஒரே உழைப்புலதான் ஓடியிருக்கீங்க. ரெண்டுலயும் 7:30 வரணும்னு முறுக்கிட்டு நிக்காதீங்க.

மூணாவது நேரம். அஞ்சு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள்ள முடிச்சுடணும். இருட்டுல தேங்காய் லோடு லாரியும் மில் பஸ்ஸும் வரும். வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி ஓடுங்க. ஒளிரும் பட்டை போட்ட சட்டை, ரெண்டு காதுலயும் இயர்போன் வேண்டாம். தனியா போகாதீங்க, நாய்க்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மூணாறு ரோட்டுல ஒன்பதாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் இருக்கிற காடு. அங்கே ஓட்டப் பயிற்சி வேலையே வேண்டாம். காண்டூர் கால்வாய்க் கரைக்கும் இதே விதி.

பழனி எங்கயும் போயிடாது

அந்த ரேஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு தைப்பூசம். அப்பா வருஷா வருஷம் வீட்டுல இருந்து பழனிக்கு நடந்துபோவாரு, சுமார் 35 கிலோமீட்டர். இனி ஓடவே கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. "என்கூட நடந்து வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு அப்பா சொன்னாரு. எனக்கு வயசு 19, அவருக்கு 51. நான் அரை மாரத்தான் முடிச்சவன். இது என்ன பெரிய விஷயம்னு கிளம்பினேன்.

ராத்திரி பழனி ரோடு முழுக்கக் கூட்டம். காவடி, மேளம், பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். எனக்கு உற்சாகம் தாங்கலை. அப்பாவைவிட நூறடி முன்னாடியே நடந்தேன். "ஏங்கண்ணு அவசரம்? பழனி எங்கயும் போயிடாது"ன்னாரு. நான் காதுல வாங்கலை. மடத்துக்குளம் வர்றதுக்குள்ள ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். ஒரு பந்தல்ல உட்கார்ந்து ஷூவைக் கழட்டினேன்.

அப்பா வந்து பக்கத்துல உட்கார்ந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. அன்னிக்கு டென்ட்ல பேசாததை அங்கேதான் பேசினாரு. "மில்லுக்குப் புதுசா வர்ற சூப்பர்வைசரு, மெஷின் வேகத்தை ஏத்தினா உற்பத்தி ஏறும்னு நெனப்பாரு. நூலு அறுந்து அறுந்து நிக்கும். அறுந்ததை ஒட்டுற நேரத்தைக் கணக்குப் பண்ணினா பழைய வேகமே மேலுன்னு ஒரு மாசத்துல புரியும். நீயும் அன்னிக்கு அதைத்தான் பண்ணியிருக்க."

மீதி தூரம் அவர் பக்கத்துலயே நடந்தேன். கவனிச்சுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, அவர் அடி மாறவே இல்ல. ஊர் தாண்டும்போது எப்படி நடந்தாரோ, அப்படியேதான் விடியக்காலையில மலை தெரியும்போதும் நடந்தாரு. ராத்திரி எங்களைத் தாண்டிப் போன இளவட்டம் எல்லாம் ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. வாட்ச் இல்ல, ஆப் இல்ல. எத்தனையோ தைப்பூசம் நடந்த கால் மட்டும்தான்.

மலை இறங்கின பிறகு பஞ்சாமிர்தம் டப்பா ஒண்ணு உடைச்சோம். வாழைப்பழம், வெல்லம், தேன். ஓடுறவங்க காசு குடுத்து வாங்குற எனர்ஜி ஜெல்லுக்கு இது அண்ணன். நெய் இருக்கிறதால ஓடும்போது வேண்டாம், முடிச்ச பிறகு சாப்பிடுங்க.

பத்து வாரம்

நிக்காம 5 கிலோமீட்டர் ஓட முடியும்னா இந்தத் திட்டம் உங்களுக்கு. ஞாயிறு லாங் ரன் மட்டும் கிலோமீட்டர்ல: 8, 10, 11, 8, 12, 14, 10, 16, 18, 10. பதினோராவது ஞாயிறு ரேஸ். நடுவுல குறையற வாரங்கள் உடம்பு தேறுறதுக்கு, அதைத் தாண்டிக் குதிக்காதீங்க. வார நாள்ல ரெண்டு தடவை 5 கிலோமீட்டர் நிதானமா, ஒரு தடவை வார்ம்-அப்போட 20 நிமிஷம் கொஞ்சம் வேகமா. மீதி நாள் ஓய்வு. இன்டர்னல் எக்ஸாம் வாரத்துல வார நாள் ஓட்டத்தை விடுங்க, ஞாயிறை விடாதீங்க.

லாங் ரன்ல பேஸைப் பழக மூணு பயிற்சி:

1. போய்த் திரும்புறது. 50 நிமிஷம் ஒரு திசையில ஓடுங்க, திரும்புங்க. 50 நிமிஷத்துக்குள்ள கிளம்பின இடத்துக்கு வந்துடணும். 53 ஆச்சுன்னா போகும்போது வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். எந்த ஆப்பும் இவ்வளவு நேர்மையாச் சொல்லாது. காத்தும் ஏத்தமும் இல்லாத நாள்ல பண்ணுங்க.

2. வாட்சை மறைக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டரும் என்ன பேஸ்னு மனசுல ஒரு நம்பர் சொல்லிட்டு அப்புறம் பாருங்க. எனக்கு ஆரம்பத்துல 40 விநாடி தப்பும். மூணு மாசத்துல 10 விநாடிக்குள்ள வந்துச்சு. ஜிபிஎஸ் வாட்ச் நொடிக்கு நொடி காட்டுற பேஸ் குதிச்சுட்டே இருக்கும், கிலோமீட்டர் சராசரியை மட்டும் நம்புங்க.

3. கடைசி மூணு. 12 கிலோமீட்டருக்கு மேல ஓடுற ஞாயிறுகள்ல, ஒண்ணு விட்டு ஒண்ணு, கடைசி 3 கிலோமீட்டரை ரேஸ் பேஸ்ல முடிங்க. களைச்ச கால்ல ரேஸ் பேஸ் எப்படி இருக்கும்னு தெரிய வேற வழி இல்ல.

தண்ணி விஷயம்: தாகத்துக்குக் குடிங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல போனா, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலம் கலந்து வச்சுக்கோங்க. பயந்துபோய் வெறும் தண்ணியா லிட்டர் கணக்குல குடிச்சா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு அதுவும் ஆபத்து.

ரேஸ் அன்னிக்கு

மூணு துண்டா பிரிச்சுக்கோங்க. முதல் 5 கிலோமீட்டர், இலக்கைவிட கிலோமீட்டருக்கு 10 விநாடி மெதுவா. அவமானமா இருக்கும், எல்லாரும் தாண்டிப் போவாங்க, போகட்டும். 5-ல இருந்து 16 வரைக்கும் இலக்கு பேஸ். 16-க்கு மேல மிச்சம் இருக்கிறதை எல்லாம் எடுங்க.

உலகத்துலயே வேகமானவங்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. 2022 பெர்லின்ல எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51-ல பறந்தாரு, ரெண்டாவது பாதி 61:18. 2:01:09, அப்போதைய உலக சாதனை. அடுத்த வருஷம் சிகாகோவுல கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60:48-ல, கிப்சோகேயைவிட கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் மெதுவா ஓடினாரு. ரெண்டாவது பாதி 59:47. மொத்தம் 2:00:35. சாதனை 34 விநாடியில உடைஞ்சுது.

நம்ம பக்கத்துல இன்னும் அழகான கதை ஒண்ணு இருக்கு. வயநாட்டுக்காரர் கோபி தொனக்கல், 2016 ஜனவரி மும்பை மாரத்தான்ல பேஸரா இறங்கினவரு. நிதேந்திர சிங் ராவத்துக்குச் சரியான வேகம் வச்சுக் குடுக்கிறதுதான் அவர் வேலை. அந்த வேலையில அலட்டிக்காம கிலோமீட்டருக்கு சுமார் 3:14-ல ஓடிட்டே போனவரு, கடைசி வரைக்கும் ஓடி 2:16:15-ல இந்தியர்கள்ல ரெண்டாவதா வந்து, ரியோ ஒலிம்பிக்குக்கே தகுதி வாங்கிட்டாரு. ரியோவுல 2:15:25, 25-வது இடம். பெரிய ரேஸ்கள்ல கொடி பிடிச்சுட்டு பேஸர்கள் ஓடுவாங்க. உங்க இலக்கு நேரம் எழுதின கொடிக்குப் பின்னாடி ஒட்டிக்கோங்க. அவரை 15-க்கு முன்னாடி தாண்டணும்னு ஆசை வந்தா, என் முதல் ரீடிங்கை நினைச்சுக்கோங்க.

ரெண்டாவது ரீடிங்

முதல் ரேஸ் முடிஞ்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு மறுபடி அரை மாரத்தான். இலக்கு பேஸ் 6:20.

0–5 கி.மீ.: 32:30 (6:30)
5–10 கி.மீ.: 31:40 (6:20)
10–15 கி.மீ.: 31:20 (6:16)
15–20 கி.மீ.: 30:50 (6:10)
கடைசி 1.1 கி.மீ.: 6:25 (5:50)
மொத்தம்: 2:12:45.

முதல் 5 கிலோமீட்டர்ல போன வருஷத்தைவிட 4 நிமிஷம் பின்தங்கி, கடைசியில 9 நிமிஷம் 55 விநாடி முந்தி வந்தேன். முழுக்க பேஸிங்னு சொல்ல மாட்டேன், ஒரு வருஷப் பயிற்சியும் இருக்கு. ஆனா ரேஸுக்கு முந்தின மாசம் கிரவுண்ட் டெஸ்ட் எடுத்தப்ப கிரிட்டிக்கல் ஸ்பீடு 5:40-ல இருந்து 5:34-க்குத்தான் வந்திருந்துச்சு. வெறும் 6 விநாடி. மீதி எங்க இருந்து வந்துச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

முடிச்சதும் நானே வீட்டுக்கு போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தாரு.

"எப்படிடா இருக்கு?"

"பசிக்குதுப்பா."

"அப்பச் சரி. பார்த்து பஸ் ஏறி வா."

ஞாயிறு காலை 5 மணிக்கு நாங்க நாலு பேர் தளி ரோட்டுல ஓடுறோம். 7:30 பேஸ், அதுக்கு மேல வேகம் கிடையாது. பேசிட்டே ஓட விருப்பம் இருந்தா வாங்க.